நரம்பு செத்த கையும் வேலூர் வைத்தியமும்

தொழுநோய்க் கிருமி நரம்பில் குடியேறும். உடலில் சூடு சற்றுக் குறைந்த இடங்களே அதற்கு ஏற்றவை என்பதால், தோலை ஒட்டி நரம்பு மேலாக ஓடும் பகுதிகள்தான் முதலில் சேதமாகின்றன. முழங்கையின் உட்புறம், மணிக்கட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், கணுக்காலின் உட்பக்கம் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். முழங்கை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘சுர்’ரென்று பாய்வதை எல்லோரும் அறிவார்கள். அப்படிப் பாய்வது அல்னார் நரம்பின் வழியே. தொழுநோயில் அந்த நரம்புதான் பெரும்பாலும் வீங்கித் தடித்துப்போகிறது. முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பார்த்தால் கயிறுபோலத் தட்டுப்படும்.

அந்த நரம்பு செயலிழந்தால் கையில் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. சுண்டுவிரல், மோதிர விரல் பக்கம் மரத்துப்போகும். உள்ளங்கை எலும்புகளுக்கு இடையே உள்ள சிறு தசைகள் வற்றிப்போகும். விரல்களை அடிமூட்டில் மடக்குவதும் நடுமூட்டில் நீட்டுவதும் இந்தச் சிறு தசைகளின் வேலை. அவை போனபின் அடிமூட்டு பின்பக்கமாக வளைய, நடுமூட்டும் நுனிமூட்டும் மடங்கிக்கொள்ள, கை கொக்கிபோல் ஆகிவிடுகிறது. டம்ளரைப் பிடிக்கப் போனால் விரல் நுனிகள் அதை முன்னே தள்ளிவிடும். சோற்றைப் பிசையலாம், கவளமாகக் குவித்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது. மணிக்கட்டில் மீடியன் நரம்பும் கெட்டிருந்தால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்காது. ஊசி பிடிப்பதும் பொத்தான் போடுவதும் நின்றுபோகும்.

நரம்புக் காயத்துக்கான உடற்பயிற்சி வைத்தியம் மேலைநாடுகளில் போர்க்களத்தை ஒட்டி வளர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டு பாய்ந்து நரம்பு அறுந்த வீரர்களுக்கென்றே பிலடெல்பியாவில் ஒரு மருத்துவமனை இயங்கியது. அங்கு பணியாற்றிய சைலஸ் வியர் மிட்செலும் அவருடைய சகாக்களும் 1864-இல் நரம்புக் காயங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். மசாஜ், மின்தூண்டல், மூட்டுகளை அசைத்துக் கொடுத்தல் ஆகியவை அப்போதே வழக்கில் இருந்தன. முதல் உலகப் போர் இந்த வேலைக்கென ஆயிரக்கணக்கான பெண்களைப் பயிற்றுவித்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், பிரிட்டனின் ஹெர்பர்ட் செடன் நரம்புக் காயங்களை மூன்று தரமாகப் பிரித்தார்: தற்காலிகமாகச் செயல் நின்றது, உள்ளிழை அறுந்து உறை தப்பியது, முழுதாக அறுந்தது. எந்தக் காயம் தானாக ஆறும், எதற்குக் கத்தி வேண்டும், எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்று சொல்ல இந்தப் பிரிவு உதவியது. போர்வீரனின் கைக்கு இத்தனை கவனம் கிடைத்த அதே ஆண்டுகளில், தொழுநோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்க எலும்பு மருத்துவர்கள் பெரும்பாலும் முன்வரவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கையோ சிறியதல்ல.

அச்சம் மட்டும் இதற்குக் காரணமில்லை. தொழுநோயாளியின் சதையே கெட்டது, கத்தி பட்டால் ஆறாது, விரல்கள் தாமாக அழுகி உதிர்பவை என்று மருத்துவர்களே நம்பினார்கள். அழுகப்போகும் விரலை நேராக்கி என்ன பயன் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்து கிருமியை அடக்கத் தொடங்கியபின் நிலைமை விசித்திரமாயிற்று. நோய் போயிற்று, மடங்கிய கை போகவில்லை. குணமானவர் என்று சான்று பெற்றவரையும் அந்தக் கையைப் பார்த்த ஊர் ஏற்க மறுத்தது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் இந்த மருந்துகளைப் பரவலாகக் கையாண்டவர் ராபர்ட் காக்ரேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பொறுப்பையும் அவர் அந்த ஆண்டுகளில் ஏற்றிருந்தார். அவருடைய அழைப்பின் பேரில் 1946-இன் இறுதியில் வேலூருக்கு வந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். இவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மலைவாழ் மக்களிடையே பணிசெய்த ஆங்கில மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனவர், லண்டனில் மருத்துவம் முடித்து, போர்க்கால லண்டனில் குண்டுவீச்சில் அடிபட்டவர்களுக்கு அறுவை செய்து பழகியிருந்தார்.

1947-இல் காக்ரேனுடன் திருமணிக்குச் சென்றபோது, மடங்கிய கைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போன பிராண்ட் ஒரு நோயாளியிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. செயலற்றது என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் நரம்புக் கிளைகள் பெரும்பாலும் நோய் தாக்கும் இடங்களுக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கும் தசைகளுக்கான ரேடியல் நரம்போ அரிதாகவே பாதிக்கப்படும். ஆக, சிறு தசைகள் செத்திருந்தாலும் பெரிய தசைகள் உயிரோடிருந்தன. இறந்துபோன ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோதும் நரம்புகள் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மட்டும் வீங்கியிருந்ததும் மற்ற இடங்களில் ஏறத்தாழ இயல்பாக இருந்ததும் தெரிந்தன.

செத்த நரம்பை உயிர்ப்பிக்க வழியில்லை. ஆனால் உயிருள்ள தசை ஒன்றின் நாணை இடம் மாற்றிச் செத்த தசையின் வேலையைச் செய்யவைக்கலாம். இந்த உத்தி பிராண்டின் கண்டுபிடிப்பல்ல. எடின்பரோவில் ஹெரால்டு ஸ்டைல்ஸ், சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டெர்லிங் பன்னல் ஆகியோர் போர்க்காயங்களிலும் போலியோவிலும் இதைச் செய்திருந்தார்கள். ஒரு விரலின் மடக்கு நாணைப் பிரித்து, விரலின் பக்கவாட்டில் கொண்டுபோய் நீட்டு நாணோடு தைப்பது அவர்கள் முறை. வேலூரில் 1948 முதல் இந்த அறுவைகள் தொடங்கின. புண் ஆறியது, மற்ற எந்த நோயாளியின் புண்ணையும் போலவே. தொழுநோயாளியின் சதை ஆறாது என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது.

இங்கிருந்து கதையை அறுவை மருத்துவரின் சாதனையாகச் சொல்வதே வழக்கம். நூல்களும் விருதுகளும் அப்படித்தான் பதிவு செய்திருக்கின்றன. அறுவை அரங்கில் கழிவதோ சில மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் நடப்பது இயன்முறை மருத்துவரின் வேலை. வேலூரில் அந்தப் பிரிவைத் தொடக்க ஆண்டுகளில் கட்டியெழுப்பியவர் ரூத் தாமஸ் என்ற ஆங்கிலேய இயன்முறை மருத்துவர். இந்தியாவில் அப்போது அந்தப் படிப்புக்கே சரியான இடமில்லை, பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப்பள்ளி அமைந்தது 1953-இல்தான்.

பல ஆண்டுகள் மடங்கியே கிடந்த விரல் அறுவைக்குத் தயாராக இருப்பதில்லை. உள்பக்கத்துத் தோல் சுருங்கியிருக்கும், மூட்டு இறுகியிருக்கும். அந்த நிலையில் நாணை மாற்றித் தைத்தாலும் விரல் நிமிராது. எனவே முதலில் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, முழங்காலின் மேல் வைத்து இன்னொரு கையால் மடங்கிய மூட்டை மெல்ல நீவி விடச் சொன்னார்கள். உருக்கிய மெழுகில் முக்கியெடுக்கும் ஒத்தடமும் இருந்தது. சூடு தெரியாத கை என்பதால் மெழுகின் வெப்பத்தை நோயாளியிடம் கேட்டு அறிய முடியாது. கொடுப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுகிய மூட்டுக்கு மாவுக்கட்டு. ஒவ்வொரு விரலுக்கும் தனியாக, மெல்லிய குழல்போல் மாவுக்கட்டைச் சுற்றி, விரல் எவ்வளவு வலியின்றி நிமிருமோ அவ்வளவில் நிறுத்திவிடுவார்கள். சில நாள் கழித்து அதைக் கழற்றினால் தோல் சிறிது தளர்ந்திருக்கும். இன்னும் சில பாகை நிமிர்த்தி அடுத்த கட்டு. விரல் ஏறத்தாழ நேராகும்வரை இது தொடரும். வலுக்கட்டாயமாக இழுத்தால் மரத்த விரலில் தோல் கிழியும், நோயாளிக்குத் தெரியவே தெரியாது. அதனால் கட்டுப் போடுபவருக்கு அவசரமே ஆகாது. இந்தத் தொடர் மாவுக்கட்டு முறை வேலூரிலிருந்து பிற நாட்டுக் கை மருத்துவத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அறுவை முடிந்ததும் விரல்கள் நேராகவும் அடிமூட்டில் மடங்கியும் இருக்குமாறு கைக்கு மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்கும் நாள் நோயாளிக்குப் பெரிய ஏமாற்றமாக இருப்பதுண்டு. நேராக்கிய விரல்கள் அசையாமல் கிடக்கும். தசையை இடம் மாற்றியது கையில். மூளைக்கு அந்தச் செய்தி இன்னும் போகவில்லை. நேற்றுவரை விரலை மடக்கிய தசை இன்று அதே விரலை அடிமூட்டில் மடக்கி நடுமூட்டில் நீட்ட வேண்டும். அந்தத் தசை எந்த வேலைக்குப் பழகியதோ அந்த வேலையைச் செய்யச் சொல்லி, அப்போது விரலில் ஏற்படும் சிறு அசைவை நோயாளிக்குக் காட்டித் தருவதுதான் பயிற்சியின் சூட்சுமம். மணிக்கட்டைத் தூக்கும் தசையை மாற்றியிருந்தால், “மணிக்கட்டைத் தூக்குங்கள்” என்பதே முதல் கட்டளை. அதைத் தூக்கும்போது விரல்கள் தாமாக நேராகி நிற்பதை நோயாளி கண்ணால் பார்க்கிறார். தொட்டுணர்வு இல்லாத கைக்குக் கண்தான் ஆசான். சில நாளில் மணிக்கட்டை நினைக்காமலே விரல் நீள்கிறது. முதல் வாரம் மடக்குவதும் நீட்டுவதும் மட்டும். பிறகு பஞ்சுருண்டை போன்ற மெதுவான பொருள்கள், அதற்கடுத்து எடை குறைந்த வேலைகள். உளியும் மண்வெட்டியும் கடைசியில்தான். அவசரப்பட்டவர்களின் தையல் தளர்ந்து, விரல் பழையபடி மடங்கியதும் உண்டு.

அறுவை முறையைத் திருத்தியதும் இந்தப் பயிற்சி அறையில் சேர்ந்த கணக்குத்தான். ஒவ்வொரு விரலிலும் மூன்று கோணங்களை அளந்து எழுதினார்கள்: நோயாளி தாமாக நிமிர்த்தும்போது எவ்வளவு மடக்கம் மிஞ்சுகிறது, அடிமூட்டைப் பிடித்துக்கொடுத்தால் எவ்வளவு, பிறர் நிமிர்த்தினாலும் நிமிராமல் நிற்பது எவ்வளவு. முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்தார்கள். இந்த ஏடுகளைச் சில ஆண்டுகள் கழித்துப் புரட்டியபோது ஒரு குறை வெளிப்பட்டது. மடக்கு நாணை எடுத்துச் செய்த கைகளில், குறிப்பாக மூட்டுகள் தளர்வாக இருந்தவர்களிடம், விரல் தேவைக்கு மேல் நிமிர்ந்து நடுமூட்டில் பின்னோக்கி வளைந்திருந்தது. மடக்கு தசை இந்த வேலைக்கு அளவுக்கு மீறிய பலம் கொண்டது என்பதை அந்தக் கைகள் காட்டின. அதன்பின் பிராண்ட் மணிக்கட்டைத் தூக்கும் தசையை எடுத்து, காலிலிருந்து எடுத்த நாணால் அதை நீட்டி, நான்கு கிளையாகப் பிரித்து நான்கு விரலுக்கும் கொடுக்கும் முறைக்கு மாறினார்.  இங்கே நோயாளிகளுக்குப் போக வேறு இடமில்லாததால் கைகளை ஆண்டுக்கணக்கில் பார்க்க முடிந்தது.

போக இடமில்லை என்பது இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. கை சரியாகி ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பாரில்லை. கை நேராகிவிட்டதால் பிச்சையும் குறைந்தது. இதற்குத் தீர்வாக 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தை ஒட்டி நவஜீவ நிலையம் உருவாயிற்று. குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை, மரப்பொம்மை செய்யும் வேலை. கைக்குப் பயிற்சி, பைக்குக் கூலி.

புதிய காயங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அந்தப் பட்டறையில்தான் முதன்முதலாகத் துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மாலையும் கைகளைப் பார்த்து, கொப்புளம் இருந்தால் அது எதனால் வந்தது என்று துருவிக் கேட்டார்கள். சுத்தியலின் கைப்பிடியில் ஒரு சிலும்பு. அடுப்பில் இருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம். துருப்பிடித்த பூட்டில் விரல் சதை கிழியுமளவு திருகிய சாவி. காரணம் இல்லாத காயம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரவில் விரல்நுனி காணாமல் போவது மட்டும் புரியாதிருந்தது. விழித்திருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. உறங்குபவருக்கு வலி தெரியாததால் எலி நிதானமாகத் தின்றுவிட்டுப் போகும். அதன்பின் வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது. விரல் அழுகுவது நோயின் இயல்பு என்ற பழைய பாடத்தை மாற்றியதில் ஆய்வுக்கூடத்துக்கு இருந்த பங்கைவிட இந்த மாலைநேர விசாரணைக்கு இருந்த பங்கு பெரிது. பயிற்சியின் பாடத்திட்டத்திலும் ஒரு பகுதி கூடியது: கருவிகளின் பிடியைத் தடியாக்குவது, பாத்திரத்துக்குத் துணி, நாள்தோறும் கையையும் காலையும் தாமே பார்த்துக்கொள்வது.

காலின் கதையும் இதையொட்டியதே. கணுக்கால் நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்து, நடக்க நடக்க அழுத்தம் விழும் இடத்தில் ஆறாத புண் வரும். புண்ணுக்கு மருந்து போட்டுப் பயனில்லை, அழுத்தத்தை நீக்க வேண்டும். கொழும்பில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய மில்ராய் பால் 1930-களிலேயே பாதத்தை ஒட்டிய மாவுக்கட்டைப் போட்டு நோயாளியை நடக்கவிட்டுப் புண்ணை ஆற்றியிருந்தார். வேலூரிலும் கட்டோடு கால்புண் ஆறியது. ஆறிய காலில் மறுபடி புண் வராதிருக்கத் தேவைப்பட்டது செருப்பு. நுண்துளை ரப்பரை, சதை அமுங்கும் அளவுக்கே அமுங்கும் பதத்தில், பல கடினங்களில் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழகத்தில் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்லப்படுவது அதுவே. பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கெண்டைக்காலின் உட்புறத்துத் தசையின் நாணை முன்னுக்குக் கொண்டுவந்து தைத்தார்கள். கைக்குச் செய்ததைப் போலவே பின்னால் நடைப்பயிற்சி.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியபின் இந்த வேலை நகருக்கு வெளியே போயிற்று. அதே 1955-இல் திருமணி மருத்துவமனையை மத்திய அரசு ஏற்று, தேசிய அளவிலான தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமாக்கியது. கரிகிரியில் மருத்துவர்களோடு சேர்த்து, தொழுநோய்க்கென்றே குறுகிய காலத்தில் பயிற்சி தரப்பட்ட பிசியோ டெக்னீசியன்களும் உருவானார்கள். நீண்டகாலம் அரசின் தொழுநோய்த் திட்டத்தில் அந்தப் பணியிடம் இருந்தது. தசைகளின் பலத்தைச் சோதிப்பது, பால்பாயின்ட் பேனா முனையால் தொட்டு உணர்ச்சி பார்ப்பது, மாவுக்கட்டுப் போடுவது, செருப்புக்கு அளவெடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவரின் கண்ணை மூடச் சொல்லி, பேனா தொட்ட இடத்தைக் காட்டச் சொன்ன அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

வேலூரின் இயன்முறை மருத்துவம் கையை விட்டு முதுகெலும்புக்குத் திரும்பியது ஒரு விபத்தால். கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் வேலூரில் பயின்று அங்கேயே பணியாற்றிவந்த இளம் மருத்துவர். 1954-இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் சேதமாகி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. தண்டுவடக் காயம்பட்டவர்கள் இந்தியாவில் அப்போது பெரும்பாலும் பிழைப்பதில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்றுவிடும். இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில்லில் 1944 முதல் லுட்விக் குட்மன் அந்தச் சாவுகளைத் தடுத்திருந்தார்: நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவது, சிறுநீர்ப்பையைக் கவனமாகப் பராமரிப்பது, கைகளையும் தோளையும் பலப்படுத்துவது, சக்கர நாற்காலியில் உட்கார்த்தி உலகத்துக்கு அனுப்புவது. உணர்ச்சியற்ற பிட்டத்தில் வரும் படுக்கைப்புண்ணும் உணர்ச்சியற்ற பாதத்தில் வரும் தொழுநோய்ப் புண்ணும் ஒரே அழுத்தத்தின் விளைவுதான். வேலூரில் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையே இல்லை.

தொழுநோயாளிகளின் கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் சொல்ல, மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தவாறே அறுவை மருத்துவராகப் பணியைத் தொடர்ந்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் சிகிச்சை பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1963-இல் வேலூர் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தும் மூட்டை சரிந்தும் முதுகெலும்பு முறிந்து வந்தவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கி, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறவும், கால்களுக்கு இரும்புத் தாங்கி அணிந்து நிற்கவும் பழகினார்கள். பயிற்றுவித்த மருத்துவரே நாற்காலியில் இருந்தது பல நோயாளிகளை முதல் நாளே வாயடைக்க வைத்திருக்கும். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1986-இல் காலமானார்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் நோயின் போக்கே மாறத் தொடங்கியிருந்தது. நரம்பு வீங்கிப் பலம் குறையத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, கையைத் தாங்கியில் ஓய்வாக வைத்தால் பல நேரங்களில் நரம்பையே காப்பாற்றலாம் என்பது தெளிவானது. அதனால் பயிற்சி பெற்ற கண்ணும் விரலும் அறுவைக்குப் பிந்தைய அறையில் இருந்து முன்னே நகர்ந்து, மாதாமாதம் நரம்பைத் தொட்டுப் பார்க்கும் வேலைக்கு வந்தன. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் பரவியபின் மடங்கிய கையோடு வரும் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். இந்திய அளவில் நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற வரம்புக்குக் கீழே இறங்கியதாக 2005-இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். பழைய நோயாளிகளின் மரத்த கால்களுக்கும் செருப்பு வேண்டியிருக்கிறது.

கார்வில்லில் பிராண்டின் குழுவுக்கு வேறொரு கூட்டம் வந்து சேர்ந்தது: சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள். வேலூரில் பழகிய மாவுக்கட்டையும் மெத்தென்ற செருப்பையும் அவர்களுக்குக் கொடுத்தபோது, காலை வெட்டியெடுக்க வேண்டும் என்று முடிவான புண்கள்கூட ஆறின. எவ்வளவு உணர்ச்சி இருந்தால் கால் தன்னைக் காத்துக்கொள்ளும் என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை வந்தது. அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழை. அது உள்ளங்காலில் படுவதை உணராதவருக்குப் புண் வரும் ஆபத்து உண்டு. சென்னையிலும் மதுரையிலும் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் காலுறையைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்ப்பது அதே இழையால்தான். உணராதவர்களுக்கு எழுதிக்கொடுப்பதும் அதே எம்.சி.ஆர். செருப்புதான்.